வியாழக்கிழமைத் தூக்கம்

பட்டப்பகலில் ஓர் அறை நிறையப் பெண்கள் அயர்ந்து தூங்குவதை என் வாழ்நாளில் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். சிமென்ட் தரையில் கோரைப்பாய்களும் பழைய புடவைகளும் விரித்திருக்கும். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவர்கள்மேல் கோடு கோடாக விழுந்திருக்கும். ஒருத்தி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டிருப்பாள். ஒருத்தி வாயைத் திறந்தபடி, சிறுபிள்ளையைப்போல. இன்னொருத்தியின் வலது கை மட்டும் தூக்கத்திலும் ஓயாமல் பாயைத் தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பிள்ளை இல்லை என்பது அந்தக் கைக்குத் தெரியாது. வெளியே தாழ்வாரத்தில் அவர்களுடைய பிள்ளைகள் வேறு பெண்களின் மடியில் இருப்பார்கள். அந்த அறை வாசலில் முதன்முதலாக நின்றபோது, சந்நிதி முன் நிற்கையில் தானாகக் குரல் தாழுமே, அப்படித் தாழ்ந்தது எனக்கு.

அந்த அறையை உண்டாக்கியவரைப் ‘பாப்பா அம்மா’ என்றுதான் எல்லோரும் அழைத்தோம். உத்திரமேரூரில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் வியாழக்கிழமைதோறும் நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வாரம் ஒருமுறை அங்கே போகும் இயன்முறை மருத்துவர் நான். படிப்பை முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. தாய்மார்களுக்கு நான் ‘எக்சர்சைஸ் மேடம்’. மையத்தைப் பார்த்துக்கொண்ட சிறப்பாசிரியை ‘டீச்சர்’. வரும் பெண்களுக்கோ அங்கே சொந்தப் பெயரே கிடையாது. பிள்ளையை அழைக்கும் பெயரோடு ஓர் அம்மாவைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. அவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பாப்பா அம்மா திருமுக்கூடலைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருவார். நடவு, களையெடுப்பு என்று கிடைத்த வயல் வேலைக்கெல்லாம் போகிறவர். கணவர் நெல் லாரியில் லோடுமேன். அறுவடைக் காலத்தில் வாரக்கணக்கில் வீட்டுப்பக்கம் வரமாட்டார். மகளுக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். கால்கள் கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும். பேச்சு வராது. வயதுக்கு வரப்போகிற பெண்ணாக வளர்ந்த பிறகும் அவள் பாப்பாதான். இடது தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு பாப்பா அம்மா பேருந்திலிருந்து இறங்கும்போது, பெண்ணின் பாதங்கள் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்கும். பல வருடம் சுமந்து சுமந்து அந்தத் தோள் மற்றதைவிடத் தாழ்ந்து போயிருந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து வந்த பிறகுதான் அவரால் வாராவாரம் வர முடிந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பகலும் இரவும் இடம் மாறியிருந்தன. சாயங்காலம் வரை தோளிலோ தூளியிலோ கிடந்து தூங்குவாள். ஊர் அடங்கும் நேரத்தில் விழித்துக்கொள்வாள். படுக்கவைத்தால் வீறிடுவாள். தூக்கிக்கொண்டு நடந்தால் மட்டும் அமைதி. ஆகவே பாப்பா அம்மா இரவெல்லாம் வீட்டுக்குள் நடப்பார். விடிந்ததும் அவளை வயலோர மரத்துத் தூளியில் போட்டுவிட்டு வேலை செய்வார். முதல் மாதத்தில் ஒருநாள், பாப்பாவின் இடுப்புத் தசையை எப்படி நீவிவிட வேண்டும் என்று அவருக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். என் கையையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இப்போ நீங்க செய்யுங்க” என்றேன். அசைவில்லை. கண் திறந்திருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, “சொல்லுங்க மேடம், முழிச்சிக்கினுதான் கீறேன்” என்றார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத் தாய்மார்களை உட்காரவைத்து டீச்சர் ஒரு கூட்டம் போட்டார். பிள்ளைகளுக்கு என்னென்ன தேவை என்று கேட்டார். சக்கர நாற்காலி, காலுக்குப் பட்டை, மாத்திரை, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கூட்டம் முடிகிற நேரத்தில் நான் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்: “பிள்ளைங்களுக்கு வேணுங்கறதைச் சொல்லிட்டீங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

யாருக்கும் கேள்வியே புரியாததுபோல் இருந்தது. “எங்களுக்கு இன்னா மேடம், புள்ள எழுந்து நடந்தா போதும்” என்றார் ஒருவர். “வரும்போது சூடா நாஷ்டா குடுத்தா வேணாம்னா சொல்லப்போறோம்” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே பாப்பா அம்மா சொன்னார்:

“எனக்குத் தூக்கம் வேணும்.”

சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் சிரிக்கவில்லை.

“நெசமாத்தான் சொல்றேன். போன வாரம் ஒரு நாளு இவ கத்திக்கினே கீறா. நானும் நடந்துக்கினே கீறேன். அப்பால இன்னா ஆச்சின்னே தெரியல. இவள பாயில போட்டு வாயப் பொத்திட்டேன். இந்தக் கைதான். கொஞ்ச நேரந்தான். இவ கண்ணு என்னையே பாத்துச்சி. சடக்குனு எடுத்துட்டேன். அதுலேர்ந்து இந்தக் கையப் பாத்தா எனக்கே பயமா கீது. தூங்கி எழுந்தா இது என் கை. தூங்காத அன்னிக்கு இது யாரு கைன்னே தெரியல, மேடம்.”

சொன்னபோது அதே கை மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, கருணையை எதிர்பார்க்கவும் இல்லை. காய்ச்சல் வந்தவர் காய்ச்சல் என்று சொல்வதுபோலச் சொன்னார். எதிரே டீச்சர் இருந்தார், வெளியூர்க்காரி நான் இருந்தேன், ஊர் போய்ப் பேசக்கூடிய பத்துப் பேர் இருந்தார்கள். ஒரு தாய் தன்னைப் பற்றி வெளியே சொல்லவே கூடாது என்று உலகம் வைத்திருக்கும் ஒன்றை, அத்தனை பேர் நடுவில் எடுத்து வைத்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் துணிச்சலை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மூலையிலிருந்து ஒரு குரல்: “நான் அடிச்சிருக்கேன்க்கா.” சொன்னவர் தையல் வேலை செய்கிறவர், அவருடைய மகனுக்கு ஆட்டிசம். இன்னொருத்தி, ஒருநாள் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய், வந்த பேருந்தில் ஏறாமல் திரும்பியதைச் சொன்னாள். அவள் எல்லோரிலும் இளையவள். அவளுடைய பையனைச் சின்னவன் என்போம். அன்று அந்தப் பெண்கள் பேசிக்கொண்டதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை அவர்களுக்குச் சொந்தமானவை.

அடுத்த வியாழக்கிழமை பாப்பா அம்மா ஒரு தோளில் மகளும் அக்குளில் சுருட்டிய கோரைப்பாயுமாக இறங்கினார். உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காட்டி, “டீச்சர், அந்த ரூமு சும்மாதானே கீது?” என்று கேட்டார். பெஞ்சுகள் பின்பக்கம் போயின. பெண்களே கூட்டிக் கழுவினார்கள். ஏற்பாடு மிகவும் எளிது. பாதிப் பேர் உள்ளே தூங்குவார்கள்; மீதிப் பேர் தங்கள் பிள்ளையோடு இன்னொரு பிள்ளையையும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். பயிற்சி அது பாட்டுக்கு நடக்கும். அறைக்குள் பேசக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

தூங்குவதற்கும் பழக வேண்டியிருக்கிறது என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். சிலர் தலை பாயில் படுமுன்பே தூங்கிவிடுவார்கள். தையல்காரப் பெண்ணால் பல வாரங்கள் முடியவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்துவிட்டு எழுந்து வருவார். ஒரு வியாழக்கிழமை உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவர்தான். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், கண்ணில் நீர் வருமளவு. மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பெண்களின் முகங்களே மாறியிருந்தன. சண்டை போட்டார்கள். கேலி பேசினார்கள். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளில் சந்தேகம் கேட்டார்கள். ஒருத்தி தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

டீச்சருக்கு மட்டும் உள்ளூரப் பயம். மேலிடத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தவித்தார். ஆனால் முதலில் வந்து கேட்டவர் அதிகாரி இல்லை, சின்னவனின் அப்பா. வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர். மனைவி மையத்துக்குப் போய்த் தூங்குகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பைக்கை வாசலிலேயே சாய்த்துவிட்டு, “இங்க இன்னா லாட்ஜா நடத்துறீங்க?” என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். பாப்பா அம்மா தோளில் தன் மகளும் மடியில் சின்னவனுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“கத்தாத நைனா. உம் பொண்டாட்டி தூங்கிக்கினு கீறா.”

“தூங்கறதுக்கா பஸ் ஏறி வந்தா? வூட்டுல எடமில்லியா?”

“வூட்டுல எடம் கீது. தூக்கந்தான் இல்ல.” அவர் குரல் உயரவே இல்லை. “இந்தா, உம் புள்ளையப் புடி. நீயே எழுப்பு, இட்டுக்கினு போ. ஆனா அவளா எழுந்துக்கிற வரிக்கும் கொஞ்ச நேரம் இவன வெச்சிக்கினு பாரேன்.”

பிள்ளையை நீட்டியபோது அவரால் வாங்காமல் இருக்க முடியவில்லை. கைமாறியதும் சின்னவன் விறைத்தான். தலை பின்னுக்குப் போய், உடம்பு வில்லாக வளைந்தது. அந்த ஆள் மிரண்டுபோனார். இரும்பைத் தூக்கிப் பழகிய கை அது. ஆனாலும் பிடி நழுவிவிடுமோ என்று இன்னும் இறுக்கிப் பிடித்தது. “இன்னாக்கா இது, இப்டி வளையுறான்? வலிக்குதா இவனுக்கு?” என்றார். அத்தனை கோபமும் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் போய் முழங்காலை மடக்கி, தலையை முன்னுக்குச் சாய்த்து, மார்போடு எப்படி அணைப்பது என்று காட்டினேன். மெல்ல மெல்லப் பையன் தளர்ந்தான். அப்பாவின் தாடி அவனுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். அதையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எச்சில் வழிந்து சட்டை நனைந்தது. அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். மரத்த கையை மாற்றக்கூடப் பயந்து அப்படியே இருந்தார்.

அந்த இளம்பெண் எழுந்து வெளியே வந்ததும் கணவரைப் பார்த்து வெளிறிப்போனாள். “இல்லீங்க, இப்பத்தான், தலவலின்னு...” என்று தடுமாறினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பரவால்ல. இன்னும் நேரம் கீது. போய்ப் படு” என்றார்.

அன்றோடு அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். இரண்டொரு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. வீட்டில் சண்டையும் நிற்கவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவுகளில் பையனைத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார் என்று அவள் சொன்னாள். டீச்சரும் அன்றைக்குப் பிறகு, யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று தைரியமாகிவிட்டார்.

இப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், பிள்ளையைத் தொடுவதற்கு முன், “நேத்து தூங்கினீங்களா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பலர் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, “நல்லா தூங்கினான்” என்பார்கள். “நீங்க?” என்று மறுபடி கேட்க வேண்டும். அண்மையில் உத்திரமேரூர் போனபோது பழைய மையத்தையும் எட்டிப் பார்த்தேன். அந்த அறைக்கு மின்விசிறி வந்திருக்கிறது. புதிய தாய்மார்கள் சிலர் உள்ளே படுத்திருந்தார்கள். இப்படி ஓர் அறை எல்லா மையத்திலும் இருக்கும் என்றே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். பாப்பாவுக்குச் சக்கர நாற்காலி கிடைத்திருக்கிறது. இரவில் ஓரளவு தூங்குகிறாள். பாப்பா அம்மாவின் காதோரம் நரைத்துவிட்டது. தோள் வலிக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். எத்தனையோ வருடத்தில் தன் உடம்பைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பிற்பாடு பேருந்தில் வரும்போது உறைத்தது.

ஆனால் அவரை நினைத்தாலே என் மனதில் வருவது வேறொரு நாள். மற்றவர்களையெல்லாம் தூங்கவைத்த அவர் மட்டும் அந்த அறையில் தூங்கியதே இல்லை. பாப்பா வேறு யார் தோளிலும் நிற்கமாட்டாள். அவர் முறை வரும்போதெல்லாம், “எனக்கு வேணாம், நீங்க போங்கடி” என்று அனுப்பிவிடுவார். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காய்ச்சலோடு வந்தார். தொடர்ந்து பல இரவு பாப்பாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. தாழ்வாரப் படியில் ஏறும்போது கால் பின்னிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் பிள்ளையோடு விழுந்திருப்பார். தையல்காரப் பெண் போய் அவர் தோளிலிருந்து பாப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டார். பாப்பா வீறிட்டாள். பாப்பா அம்மா கையை நீட்டினார்.

“குடுடி. அயுவுறா பாரு.”

“அயுவட்டும்க்கா. நீ போய்ப் படு.”

உள்ளே போய்ப் படுத்தவர் அழுகுரல் கேட்டு எழுந்து வந்தார். மறுபடி படுக்கவைத்தார்கள், மறுபடி எழுந்து வந்தார். கடைசியில் தையல்காரப் பெண் ஒரு முடிவுக்கு வந்தவராகப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஏரிக்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார், அழுகை காதுக்கு எட்டாத தூரத்துக்கு. பின்னாலேயே இன்னும் மூன்று பேர். எங்கிருந்தோ சின்னவனின் அம்மாவும் தன் பிள்ளையை டீச்சர் மடியில் கிடத்திவிட்டு ஓடினாள். ஒருத்தி களைத்தால் அடுத்தவள் தோள் கொடுப்பது என்று கரை மேல் அவர்கள் போவதை வாசலிலிருந்து பார்த்தேன். தண்ணீர் நிறைந்திருந்த ஏரி. பாப்பாவின் நீண்ட கால்கள் ஒவ்வொரு தோளிலும் தொங்கின.

நான் அறைக்குள் பாப்பா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். பிறகு அவர் முகம் அவிழ்ந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நெற்றியில், தாடையில், உதட்டோரத்தில் அத்தனை வருடம் இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அவிழ்ந்தது. அந்த முகம் எவ்வளவு இளமையானது என்று அன்றுதான் கண்டேன். என்னைவிடச் சில வருடம்தான் மூத்தவராக இருப்பார்.

மதியமானது. சாப்பாட்டு நேரம் போனது. ஏரிக்கரையிலிருந்து அவர்கள் திரும்பியபோது பாப்பா அழுது ஓய்ந்து தையல்காரப் பெண்ணின் தோளில் தூங்கியிருந்தாள். திருமுக்கூடல் பக்கம் போகும் பேருந்துக்கு நேரமாயிற்று என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். யாரும் எழுப்பப் போகவில்லை. அந்த வழியில் போக வேண்டியவர்களும் எழுந்திருக்கவில்லை. “பஸ் போனா போவுது டீச்சர்” என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். பேருந்து போகும் சத்தம் கேட்டது. வெயில் சாயும் வரை அத்தனை பெண்களும் அத்தனை பிள்ளைகளும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அழும் பிள்ளையைச் சற்றுத் தள்ளித் தூக்கிப்போனார்கள், அமைதியானதும் திரும்பி வந்தார்கள். பாட்டில்லை, பேச்சில்லை. ஒரு பெண் தூங்க வேண்டும் என்பதற்காக இத்தனை பேர் ஒரு பகல் முழுதும் மூச்சடக்கிக் காத்திருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வெயில் மஞ்சளாகிவிட்ட நேரத்தில் அவர் வாசலில் வந்து நின்றார். பாயின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. எல்லோரும் இருப்பதைப் பார்த்து விழித்தார்.

“பஸ்ஸு?”

“பூட்ச்சி.”

“எழுப்பக் கூடாதா? இன்னாடி பேஜாரு பண்ணி வெச்சிருக்கீங்க” என்றார். கோபமில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “கனா வந்துச்சி மேடம்” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே நம்ப முடியவில்லை. “எத்தினி வருசமாச்சி, கனா வந்து.”

“என்ன கனவு?”

“ஒண்ணுமில்ல. ஆத்தங்கரையில நடந்துக்கினு கீறேன். அவ்ளோதான். கையில யாரும் இல்ல.” இன்னும் தணிந்த குரலில், “தேடக்கூட இல்ல மேடம், பாருங்களேன்” என்றார்.

அப்போது தையல்காரப் பெண்ணின் மடியில் பாப்பா புரண்டாள். பாப்பா அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தூக்கிக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், அந்த மஞ்சள் வெயிலில், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.